தப்பொலியும் ரதியின் புலம்பலும்

மலையக மக்களின் வழிபாட்டையும் கலைகளையும் ஆராய்வோரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. ஒரு சாரார் அவற்றைத் தமிழகத்திலிருந்து பெயர்ந்துவந்த பழமையின் எச்சங்களாகப் பட்டியலிட்டு அமைதி காண்பர். மறுசாரார், முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர், மூடநம்பிக்கை என ஒரே சொல்லால் ஒதுக்குவர். வழிபாட்டினூடே ஒலிக்கும் துயரத்தை இரு சாராரும் செவிமடுப்பதில்லை. மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்திற்கெதிரான முறையீடாகவும் ஒருங்கே கண்டவர் மார்க்ஸ். 1844இல் அவர் எழுதியதில் அபினி பற்றிய தொடரை மாத்திரம் நினைவிற் கொள்வது அரைகுறை மார்க்சியமேயாகும்.

மாசி மாதத்தில் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் ஆடப்படும் காமன்கூத்தை இவ்வகையில் நோக்கலாம். தவத்திலாழ்ந்த சிவன் எவர் குரலுக்கும் செவிசாய்ப்பதில்லை. தவத்தைக் கலைக்க அனுப்பப்பட்ட மன்மதன் எரிக்கப்படுகிறான். ஏவியவர் தேவர், எரிந்தவனோ ஏவலுக்குட்பட்டவன். இறுதியில் கடவுளைக் கேட்கவைப்பது ரதியின் ஒப்பாரியே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் மூலம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களுக்கு, பிரிவாற்றாது அரற்றும் ரதி வெறும் புராணப் பாத்திரமாக இருந்திருக்க இயலாது.

எனினும் இக்கூத்தின் எல்லைகளையும் நாம் மறைத்தலாகாது. சிவன் அளிக்கும் வரத்தின்படி மீண்டெழும் மன்மதன் ரதியின் கண்களுக்கு மட்டுமே புலப்படுவான். கூட்டாக அனுபவிக்கப்பட்ட துயருக்குத் தனியொருத்தியின் ஆறுதலே விடையாகிறது. மேலும், மரபாக ரதி வேடமேற்பவர் ஆணே. பகல் முழுதும் கொழுந்து பறித்து, லயத்துக்குத் திரும்பியதும் அடுப்பையும் பிள்ளைகளையும் சுமக்கும் பெண், தன் துயரை ஆணின் வாய்வழியாகக் கேட்டுக் களத்தின் ஓரத்தில் நிற்கிறாள். கடவுளை எட்டிய புலம்பல், அருகிலிருந்தவளின் சொந்தக் குரலுக்கு இடமளிக்கவில்லை.

இவ்விடத்தில் சி. வி. வேலுப்பிள்ளையின் பணி மனங்கொள்ளத்தக்கது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர், தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையில் விடியலின் தப்பொலியையும், தேயிலைச் செடிகளின் கீழ் நினைவுச்சின்னமின்றிப் புதையுண்ட தொழிலாளரையும் முன்வைத்தார். தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்த தப்பும் காமன் களத்திற் சாமியை அழைக்கும் தப்பும் ஒரே கருவியாகும். துரையின் ஏவலையும் மக்களின் முறையீட்டையும் அது ஒருங்கே சுமந்துள்ளது. கூத்து இம்முறையீட்டைக் கடவுளிடம் சமர்ப்பிக்கின்றது; வேலுப்பிள்ளையோ ஆள்வோரின் மொழியிலேயே அதனை மனிதரிடம் சமர்ப்பித்தார். கேளாதிருந்தோர் யாரென்பது அதனால் துலாம்பரமாயிற்று. மலையக நாட்டார் பாடல்களையும் அவர் அக்கறையுடன் திரட்டினார் என்பது, இவ்விரு முறையீடுகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குச் சான்றாகும்.

குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவில் முடிவு கண்டது. ஆயினும் லயமும் கூலிப் பிரச்சினையும் நீங்கிவிடவில்லை. ஆகவே மலையகக் கலைகளை ஆராயப் புகுவோர், மக்கள் கடவுளிடம் என்ன வேண்டினர் என்பதோடு, அவ்வேண்டுதலை மனிதரிடம் கூறமுடியாது தடுத்த சமூக உறவுகள் யாவை என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவின்றி நாம் திரட்டும் பாடல்கள், பேழைக்குள் அடைபட்ட ஓசைகளாகவே எஞ்சும்.