ஈயும் பாலைவனமும்

'பிரேக்கிங் பேட்' தொடரில் பார்வையாளர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது 2013இல் வந்த 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடை. ஐஎம்டிபி தளத்தில் பல ஆண்டுகள் அது பத்துக்குப் பத்து மதிப்பெண்ணோடு நின்றது. அதே தொடரில் அவர்கள் ஆகக் குறைவாக மதிப்பெண் போட்டது 2010இல் வந்த 'ஃப்ளை'க்கு. இரண்டையும் இயக்கியவர் ரையன் ஜான்சன். முன்னதை எழுதிய மொய்ரா வாலி-பெக்கெட், பின்னதைச் சாம் காட்லினுடன் சேர்ந்து எழுதியவர். போகிறபோக்கில் சொல்லப்படும் ரசிகர் அபிப்பிராயத்துக்குள் எவ்வளவு விமர்சனம் இருக்கிறது என்று பார்க்க, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

'ஃப்ளை'யில் போதைப்பொருள் காய்ச்சும் நிலத்தடிக் கூடத்துக்குள் ஓர் ஈ புகுந்துவிடுகிறது. சரக்கு கெட்டுவிடும் என்று தொடரின் நாயகன் வால்ட்டர் வேலையை நிறுத்திவிட்டு அதைத் துரத்துகிறான். அவன் கூட்டாளி ஜெஸ்ஸி கூடவே கிடந்து அல்லாடுகிறான். அவ்வளவுதான் கதை. தயாரிப்புச் செலவு கைமீறிப் போனதால், ஏற்கெனவே போட்டிருந்த அரங்கிலேயே பெரும்பாலும் இரண்டு நடிகர்களை வைத்து எடுத்தாக வேண்டிய நெருக்கடியில் பிறந்தது அது. "ஒன்றுமே நடக்கவில்லையே" என்பது பலரின் குறை.

ஒன்றும் நடக்காததைப் பார்வையாளர்கள் எப்போதும் வெறுப்பதில்லை. 1991இல் 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரில் மூன்று நண்பர்கள் சீன உணவகத்தில் மேசைக்காகக் காத்திருப்பது மட்டுமே ஓர் எபிசோட் ஆனது. கதையே இல்லை என்று என்பிசி தொலைக்காட்சி அதிகாரிகள் தயங்கினார்கள். ரசிகர்கள் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள். 2001இல் 'தி சோப்ரானோஸ்' குற்றத் தொடரின் 'பைன் பேரன்ஸ்' எபிசோட் வந்தது. ஸ்டீவ் புஷெமி இயக்கியது. பனிக்காட்டில் வழிதவறிய இரண்டு அடியாட்கள் குளிரிலும் பசியிலும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். அதைக் கொண்டாடியவர்களே, அந்த அடியாட்களிடமிருந்து தப்பியோடிய ரஷ்யன் என்ன ஆனான் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் தொடருக்குள் விடை தரவில்லை. நகைச்சுவைத் தொடரில் காத்திருக்கச் சம்மதிக்கும் பார்வையாளர், குற்றக்கதையில் சம்மதிப்பதில்லை. அங்கே போன வாரம் விட்ட முடிச்சு அவர் கையில் இருக்கிறது. அதை அவிழ்க்காத ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் கடன் பாக்கி.

திரைப்படங்களில் நிலைமை வேறு. அங்கே ரசிகர் தீர்ப்பு மெதுவாகக் கனியும். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் அமெரிக்கத் திரையரங்குகளில் போட்ட செலவைக்கூட எடுக்கவில்லை. வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதை ஐஎம்டிபி பட்டியலின் உச்சியில் ஏற்றினார்கள். 2003 பொங்கலுக்கு வந்து படுத்துவிட்ட 'அன்பே சிவம்' தமிழ் வீடுகளில் பிழைத்தெழுந்ததும் தொலைக்காட்சியால்தான். விமர்சகர்களின் பட்டியலோ வேறு திசையில் போகிறது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் கருத்துக்கணிப்பில் முதலிடம் பெற்ற ஷந்தால் ஆகர்மனின் 'ஜான் டீல்மன்' (1975), மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஒரு பெண்ணின் வீட்டு வேலைகளைக் கண்கொட்டாமல் பார்க்கிறது. 'ஃப்ளை'யைத் தள்ளிவிட்ட அதே காரணம் இங்கே மகுடமாகிறது.

இதை வைத்து ரசிகர்களுக்கு ரசனை போதாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 'ஃப்ளை' தொடரின் ஓட்டத்தை நிறுத்துகிறது என்று அவர்கள் சொல்வது துல்லியமான கவனிப்பு. எதற்காக நிறுத்துகிறது என்று மேலும் ஓரடி வைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். ஜெஸ்ஸி கலந்துகொடுத்த தூக்க மாத்திரையின் மயக்கத்தில், தான் செத்திருக்க வேண்டிய சரியான தருணம் எது என்று வால்ட்டர் தேடுகிறான். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்த இரவில் வந்து நிற்கிறான். ஏணிமேல் நின்று ஈயைக் குறிபார்க்கும் ஜெஸ்ஸியிடம் அவளுக்காக வருத்தம் தெரிவிக்கிறான். இன்னும் ஒரு வாக்கியம் நழுவினால் எல்லாம் முடிந்தது. நழுவவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடின் பாலைவனத்தில், அந்த வாக்கியத்தை வால்ட்டர் ஜெஸ்ஸியின் முகத்துக்கு நேரே சொல்கிறான்: அவள் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், காப்பாற்றியிருக்கலாம், செய்யவில்லை. 'ஃப்ளை'யில் குற்றவுணர்ச்சியாகத் தொண்டையில் சிக்கியது இங்கே வன்மமாக வெளிவருகிறது. இந்தத் தொடரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவரிடம் "ஃப்ளையை விட்டுவிட்டுப் போ" என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்படி விட்டுவிட்டுப் போகிறவர் பாலைவனத்தில் ஒரு கொடுமையை மட்டும் பார்ப்பார். அதே மனிதன் ஒருகாலத்தில் அதைச் சொல்லித் தீர்த்துவிடத் தவித்தான் என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.