கொல்லையில் காவிரி

சென்னை நண்பர் ஒருவர் ரிடையர் ஆகப் போகிறார். 'மோகமுள்' நாவலை மூன்று முறை படித்தவர். போன் செய்து, "கும்பகோணத்துல ஆத்தங்கரை ஓரமா ஒரு பழைய வீடு பாருங்க சார். திண்ணை இருக்கணும், முற்றம் இருக்கணும், கொல்லைக் கதவைத் திறந்தா படித்துறை இருக்கணும்" என்றார். அப்படி ஒரு தெருவில்தான் நான் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். கதவைத் திறந்தால் படித்துறை நிச்சயம். தண்ணீருக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வழக்கம்தானே தவிர உத்தரவாதம் இல்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மற்ற மாதங்களில் எங்கள் காவிரியில் மணல், புதர், பையன்களின் கிரிக்கெட். நண்பர் வந்து பார்த்தது ஒரு மே மாதம். படித்துறையில் நின்று ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தி.ஜா. ஏமாத்திட்டாரே" என்றார்.

ஏமாற்றவில்லை. நாம்தான் தப்பாகப் படித்து வைத்திருக்கிறோம்.

'மோகமுள்' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ரங்கண்ணாவின் சங்கீதம், ஆற்றங்கரை, யமுனாவின் நிமிர்ந்த அழகு. சரி, இன்னொரு தடவை படியுங்கள். யமுனாவுக்கு ஏன் கல்யாணம் தகையவில்லை? அப்பா பிராமணர், அம்மா மராத்தியப் பெண். இந்த ஒரு விஷயத்தை ஊர் மறக்கவே மறக்காது. வரன்கள் வருகின்றன, போகின்றன. கும்பகோணத்தை அமைதியான ஊர் என்று சொல்கிறோமே, நாவலில் வருகிற அமைதி பக்கத்து வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற அமைதி. பாபுவுக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. கடைசியில் இரண்டு பேருக்கும் முடிச்சு அவிழ்வது எங்கே என்று பாருங்கள்: சென்னையில்! ஊரை விட்டுப் போனால்தான் பிழைக்க முடியும் என்கிற நாவலைப் படித்துவிட்டு அந்த ஊரில் வீடு தேடுகிறோம். இது வாசகர்கள் செய்த வேலை. தி.ஜா.வின் நடை அவ்வளவு ருசி என்பதும் ஒரு காரணம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். காபி நன்றாக இருந்தால் டம்ளர் நசுங்கியிருப்பது கண்ணில் படுவதில்லை.

(காபி என்றதும் ஞாபகம் வருகிறது. 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுகளை ஊருக்குள் பார்த்ததைவிட நெடுஞ்சாலைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.)

நண்பருக்கு எம்.வி.வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யைக் கொடுத்து அனுப்பினேன். எம்.வி.வி.யும் தி.ஜா.வும் கும்பகோணம் காலேஜ் நாட்களிலிருந்து சிநேகிதர்கள். தி.ஜா. ரேடியோ உத்தியோகத்தில் சென்னை, டெல்லி என்று போனார். எம்.வி.வி.க்கு ஜரிகை, பட்டு வியாபாரம், பெரும்பாலும் ஊரோடுதான் வாழ்க்கை. 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாதமி வாங்கினார். ஆனாலும் தி.ஜா.வைப் படித்த பத்துப் பேரில் ஒருவராவது இவரைப் படித்திருப்பாரா, சந்தேகம்.

'வேள்வித் தீ' சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர்களின் கதை. பின்பாதியில் கதை மூன்று பேர் நடுவில் சிக்கிக்கொண்டு கொஞ்சம் சினிமாத்தனமாகப் போகிறது, அது குறைதான். ஆனால் இதில் வீடு என்பது பார்ப்பதற்கு இல்லை, வேலை செய்வதற்கு. கூடத்தில் தறி, தறிக்குக் கீழே குழி, குழியில் காலை விட்டுக்கொண்டு மனுஷன். நெசவாளர் தெரு ஏன் அவ்வளவு நீளமாக, நேராக இருக்கிறது? காலையில் பாவு நீட்டுவதற்கு. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு போட முடியாது, குழியில் ஈரம் ஊறும், அப்புறம் கடன். நீங்கள் 'ஆஹா, என்ன தெரு!' என்று செல்போனில் படம் எடுக்கிறீர்களே, அது ஒருத்தரின் பட்டறை.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு 2003-ல் நினைவில்லமானது. அவசியம் பாருங்கள். அங்கே யாரும் சமைப்பதில்லை, குளிப்பதில்லை, பங்காளிகள் சண்டை போடுவதில்லை. ஆகவே வீடு அப்படியே இருக்கிறது. என் தெருவில் அப்படி முடியுமா? ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. எதிர்வீட்டு மாமி எழுபது வயதில் அவ்வளவு நீள வீட்டைத் தனியாகப் பெருக்குகிறார். பிள்ளைகள் பெங்களூரில். பாதி வீட்டை இடித்து மாடி கட்டி வாடகைக்கு விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். தூணைப் பார்த்துவிட்டு, "இடிச்சிடாதீங்க, மாமி" என்று வாய் வரை வந்தது. எனக்குப் பெருக்க வேண்டிய வேலை இல்லை பாருங்கள். வாயை மூடிக்கொண்டேன்.

2016 மகாமகத்துக்கு வந்த உறவுக்காரர்கள் அந்தத் திண்ணையில் படுத்துக்கொண்டு, இதை விற்கவே கூடாது என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மகாமகம் 2028-ல். திரும்ப வந்து சொல்வார்கள்.

போன வாரம் நண்பர் கூப்பிட்டார். 'வேள்வித் தீ'யை முடித்துவிட்டாராம். இந்தத் தடவை திண்ணை, முற்றம் எதைப் பற்றியும் பேச்சில்லை.

"உங்க தெருவுல போர் எத்தனை அடியில சார்?" என்றார்.