ஏசி காற்று வரவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் கேமராவை உள்ளே விடுங்கள்

மழைக்காலத்தில் மும்பை வடாலாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஏசி வெறும் குளிர்ச்சிக்கான சாதனம் அல்ல. வெளியே ஈரக்காற்று, உள்ளே நாலு பேர் மூச்சு. முன்கண்ணாடி நொடியில் மங்கிவிடும். அதைத் துடைத்துக் கொடுப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயர்தான். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் கொட்டும் மழையில் போகும்போது அந்தக் காற்று முனகிக்கொண்டு வந்தால், முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட் கூடத் தெரியாது. அதனால் 'காற்று கம்மி' என்பதை நான் பாதுகாப்புக் குறையாகவே பார்க்கிறேன்.

மும்பைக்காரர்கள் பலர் ஹீட்டர் குமிழைத் தொடுவதே இல்லை. ஆனால் ஹீட்டருக்கும் ஏசிக்கும் ப்ளோயர் ஒன்றுதான், காற்று போகும் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே ஏசியில் பலவீனமாக வரும் காற்று, டிசம்பரில் மகாபலேஷ்வர் போகும்போது ஹீட்டரிலும் அப்படியேதான் வரும்.

இப்படி ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க, போனில் செருகிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா எவ்வளவு உதவும் என்று சோதித்தேன். வண்டி, ஆன்டாப் ஹில்லில் தெருவோரம் நிற்கும் நண்பரின் பழைய ஹேட்ச்பேக், மேனுவல் ஏசி. புகார்: நாலாம் நம்பரில் வைத்தால் இரைச்சல் நிறைய, காற்று கொஞ்சம். பார்த்த எல்லாரும் சொன்ன வைத்தியம், "கேஸ் போட்டுடலாம்."

கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குறைந்தால் முதலில் போவது குளிர்ச்சி. காற்றின் வேகத்தைத் தருவது விசிறி. வேகமாக வந்து குளிராமல் இருந்தால் ஒரு வழி, குளிர்ந்து வந்தும் வேகம் இல்லை என்றால் வேறு வழி. இதைப் பிரிக்காமல் செலவு செய்வது வீண்.

கருவி இல்லாமல் முதல் சோதனை

ஏசி பட்டனை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். ஒவ்வொரு நம்பராக மாற்றுங்கள். நாலில் மட்டும் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. மேனுவல் ஏசியில் கீழ் வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும், உச்ச வேகத்துக்கு மட்டும் நேராகப் போகும். எல்லா நம்பரிலும் மோட்டார் சோர்வாகச் சுற்றினால் மோட்டாரையோ கனெக்டரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். இரைச்சல் ஏறுகிறது, காற்று ஏறவில்லை என்றால் பாதையில் அடைப்பு.

அடுத்து, உள்காற்றுச் சுழற்சிக்கும் வெளிக்காற்றுக்கும் மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்றில் மட்டும் குறைந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள துவாரத்தில் இலை அடைத்திருக்கலாம். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முகத்துக்கு நன்றாக வந்து காலுக்கு வரவில்லை என்றால் உள்ளே காற்றைத் திருப்பும் கதவு சிக்கியிருக்கும்.

கிளம்பும்போது நன்றாக வந்து, அரை மணி கழித்து மெல்ல மெல்லக் குறைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் சிறிது நேரம் ஓட விடுங்கள். காற்று திரும்பி வந்தால் சந்தேகம் உறுதி. குளிர் அளவைக் கவனிக்கும் சென்சார் கோளாறு, கேஸ் குறைவு, காற்றோட்டக் குறைவு மூன்றுமே இதைக் கொண்டுவரும்.

நண்பரின் வண்டியில் எல்லா நம்பரும் ஓடின, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பலவீனம். அடைப்பு என்பது தெளிவானது.

கேமரா காட்டியது

நான் பயன்படுத்தியது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ரகம். பென்சிலைவிட மெல்லிய முனை, அதைச் சுற்றி எல்இடி, வளைத்தால் வளைந்தே நிற்கும் கம்பி, போனில் செருக சி-டைப் முனை. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் வாங்கலாம்.

இடப்பக்க கிளவ் பாக்ஸைக் கழற்றியதும் கேபின் ஃபில்டர் வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய மடிப்புகள் கரிநிறத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. மெட்ரோ 4 வேலை, ட்ரக் டெர்மினலுக்குப் போய்வரும் லாரிகள் என்று இந்தப் பக்கம் தூசிக்குக் குறைவில்லை. அதோடு மழை ஈரமும் சேர்ந்தால் ஃபில்டரில் தூசி பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரை எடுத்துவிட்டு ப்ளோயரை ஓட விட்டபோது காற்று கூடியது. ஆனால் போதவில்லை. கேமரா தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

சாவியை எடுத்துவிட்டு, ஃபில்டர் இருந்த துளை வழியே கம்பியை விட்டேன். விசிறி சுற்றினால் கேபிளை இழுத்து நறுக்கிவிடும், அதனால் இந்த எச்சரிக்கையைத் தவறவிடாதீர்கள். முதலில் ப்ளோயரின் உருளை. அதன் வளைந்த இதழ்களுக்குள் தூசி அப்பியிருந்தது. இதழின் வளைவு நிரம்பிவிட்டால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை வாரி வீசாது. இன்னும் உள்ளே, கூலிங் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள் தெரிய வேண்டிய இடத்தில் கம்பளி விரித்ததுபோல் சாம்பல்நிறப் படலம். டேஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூவையும் தொடாமல் இவ்வளவும் போன் திரையில் தெரிந்தது.

கூட நின்ற மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அண்ணாச்சி, இத கஸ்டமர் கண்ணால பாத்துட்டா அப்புறம் நான் விளக்கமே சொல்ல வேண்டாம்லா" என்றார். இந்தக் கருவியின் பெரிய பயனாக நான் நினைப்பதும் அதுதான். என்ன வேலை, ஏன் அந்த வேலை என்பதை வண்டிக்காரரும் மெக்கானிக்கும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசலாம்.

ப்ளோயரைக் கழற்றிக் கழுவி, காயிலுக்கு நுரை கிளீனர் அடித்து, புது ஃபில்டர் போட்டதும் டிஃபாக் காற்று கண்ணாடி முழுக்கப் பரவியது. அழுக்கு நீர் வண்டிக்கு அடியில் உள்ள வடிகுழாய் வழியே இறங்கியது. அந்தக் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் இடப்பக்க கார்ப்பெட்டுக்கு வரும், அதையும் பாருங்கள். காயிலைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். தகடுகள் மடங்கினால் அதுவே புது அடைப்பு.

குறைகள்

ஃபோகஸ் மாறாது. சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதுதான் தெளிவாகத் தெரியும், முனையை ஒட்டி இருப்பது மங்கல். எல்இடியைக் குறைக்காவிட்டால் அலுமினியம் பளீரென்று வெளுத்து, அழுக்கு மறைந்துவிடும். ஓடிஜி வசதி இல்லாத போனில் வேலை செய்யாது. முக்கியமாக, மின்கோளாறை இது காட்டாது. ரெசிஸ்டர், கனெக்டர், மோட்டாருக்கு மல்டிமீட்டர்தான். உச்ச வேகத்தில் மோட்டார் முனையில் பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் வந்தும் மோட்டார் மந்தமாக இருந்தால் மோட்டார் பழுது. வோல்டேஜே குறைந்தால் வயரிங்.

ஹீட்டரில் காற்று பலமாக வந்து சூடு மட்டும் இல்லை என்றாலும் கேமராவுக்கு வேலை இல்லை. கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று ஆறியிருந்தால் ஹீட்டர் கோரில் அடைப்பு. இரண்டுமே சூடு என்றால் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவில் கோளாறு.

யாருக்கு?

சொந்தமாக ஃபில்டர் மாற்றுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அவசியம். நாள் முழுக்கத் தூசியில் ஓடும் வண்டியில் காயில் சீக்கிரம் அடையும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமாகிவிட்டது. வடாலா ட்ரக் டெர்மினலில் அந்த லாரிகள் பெருகப் பெருக, இதே கோளாறு இதே தூசியில் அவற்றுக்கும் வரும். ஓட்டுநர்களுக்கு நெடுநாள் கழித்துக் கிடைத்த வசதி, ஓர் அடைத்த ஃபில்டரால் வீணாகக் கூடாது.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ஃபில்டர், பிறகு கேமரா, பிறகு மல்டிமீட்டர், கடைசியில் கேஸ் பிரஷர். மழைக்கு முன்னால், மே மாதமே ஒருமுறை கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.