தலைமையும் வாக்கும்

1960ஆம் ஆண்டில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் தலைமை கைமாறிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு விதவையின் கண்ணீரில் தொடங்கி, உலகின் முதற் பெண் பிரதமர் என்ற பெருமையில் முடித்துவிடுகின்றனர். கதைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது என்பதே நமது கருத்து.

அவ்வாண்டு மார்ச்சுத் தேர்தலில் சீ. பி. டி சில்வாவின் தலைமையில் அக்கட்சி 46 இடங்களை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சி வென்றதோ 50. டட்லி சேனநாயக்காவின் சிறுபான்மை அரசு ஏப்ரலிலேயே கவிழ்ந்தது. ஆகவே எதிர்க்கட்சித் தலைவராயிருந்த டி சில்வாவைத் தோற்றோடியவர் எனக் கூற இடமில்லை. ஆயினும் அவர் வழிவிட்டு விலகினார். நாடாளுமன்றத்தில் ஒரு நாளும் அமர்ந்திராத சிறிமாவோ பண்டாரநாயக்கா மே மாதத்திற் கட்சித் தலைவியானார். ஜூலைத் தேர்தலில் 75 இடங்கள்!

கொலையுண்ட கணவரின் குரல் கூட்டங்களில் ஒலிப்பதிவாக ஒலித்ததன் வலிமையை நாம் மறுக்கவில்லை. 'அழும் விதவை' என்று எதிரிகள் எள்ளியது அற்பத்தனமே. ஆனால் விலகியவர் சலாகம குலத்தவர், வந்தவர் கண்டிப் பிரபுத்துவக் குடும்பமான ரத்வத்தையினர் என்பதை ஒற்றை வரியிற் கடந்து செல்லும் பேனாக்களை என்னென்பது? சாதி ஒன்றே காரணமென்று நாம் கூற முன்வரவில்லை. அக்கேள்வியையே எழுப்பாத வரலாறு வரலாறாகுமா என்றுதான் கேட்கின்றோம்.

இக்கதையைக் கொழும்பிலிருந்தன்றித் தெல்தெனியவிலிருந்து நோக்குக. கீழே தும்பறைப் பள்ளத்தாக்கின் சிங்கள விவசாயிக்கு வாக்கு இருந்தது; தலைவி யாரென்பது அவனுக்குப் பொருளுடைய கேள்வி. மேலே ரங்கலைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில், லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் வாக்கு இல்லை. அவர்களைப் பொறுத்தவரை டட்லி, டி சில்வா, சிறிமாவோ ஆகிய மூவரும் பிறரால் தெரிவு செய்யப்பட்டவர்களே. அவர்களின் தலைவிதியோ 1964 அக்டோபர் 30இல் டில்லியில் எழுதப்பட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று!

ஐந்து வாரங்களில், டிசம்பர் 3ஆம் நாள், அதே டி சில்வா தம் கூட்டத்தாருடன் எதிர்வரிசைக்கு மாறினார். அரசு 74க்கு 73 என ஒரே வாக்கினால் வீழ்ந்தது. அவர் மாறியது பத்திரிகைச் சட்டத்தை எதிர்த்து. லயத்து மக்களுக்காக அன்று. அந்த ஒரு வாக்கைப் பக்கம் பக்கமாக வருணிப்போர், வாக்கே இல்லாத இலட்சங்களை அடிக்குறிப்பில் அடக்கிவிடுகின்றனர்.

மலையகத்தில் எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதற்கு முன்பே, எண்பதுகளில், விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டிருந்தது.