கோமாவில் கிடந்தவர் என்ன சாப்பிட்டார்?

நம் சினிமாக்களில் கோமா நோயாளியைப் பார்த்திருப்பீர்கள். தலையில் அளவாக ஒரு கட்டு, பக்கத்தில் 'பீப் பீப்' மானிட்டர். ஆறு மாசம் கழித்து விரல் அசையும், அம்மா 'டாக்டர்!' என்று அலறுவார். எல்லாம் சரி, அந்த ஆறு மாசமும் மனுஷன் எதைச் சாப்பிட்டார்?

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. டாரன்டினோவின் 'கில் பில்' முதல் பாகத்தில் (2003) உமா தர்மன் 4 வருஷம் கோமாவில் கிடந்து எழுகிறார். 13 மணி நேரம் வண்டிக்குள் கிடந்து கால் விரலை முறைத்தே காலைச் சரிசெய்துகொள்கிறார். ஈல்கோ விஜ்டிக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர், 1970 முதல் 2004 வரை வந்த 30 கோமா படங்களை அலசி, 2006-ல் 'நியூராலஜி' இதழில் எழுதினார். ஓரளவு சரியாகக் காட்டியவை இரண்டே இரண்டாம்!

இப்படிக் காணாமல் போகும் சங்கதிகளில் முக்கியமானது மூக்குக் குழாய். ஆஸ்பத்திரி பாஷையில் 'ரைல்ஸ் ட்யூப்'. லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர் ஜான் ரைல் 1921-ல் அறிமுகப்படுத்தியது. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் அடி என்று அளந்து, அந்த நீளத்துக்கு இறக்குவார்கள். பக்கவாதத்தில் விழுங்க முடியாதவருக்குக் கஞ்சியும் மாத்திரையும் இந்த வழியாகத்தான்.

காட்டாவிட்டால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? நிஜத்தில் இதைப் பார்க்கும்போது நமக்கு அழத் தெரிகிறது, கேள்வி கேட்கத் தெரிவதில்லை.

ஒரு ஆஸ்பத்திரியில் நண்பரின் அப்பாவுக்குக் குழாய் போட்டார்கள். நர்ஸ் சிரிஞ்சால் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெத் வைத்து, ''சத்தம் கேக்குது சார், சரியாத்தான் இருக்கு'' என்றார். நாங்களும் தலையாட்டினோம். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம் என்று அப்புறம் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. நினைவில்லாதவர் இருமிக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார். அங்கே கஞ்சியை ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே இந்தக் காற்றுச் சோதனையை நம்பாதீர்கள் என்று எச்சரித்துவிட்டது.

சரியான வழி? குழாயிலிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சி பி.எச். காகிதத்தில் விடுவது. 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரைப்பை அமிலம். திரவம் வரவில்லையா, காகிதம் அப்படிச் சொல்லவில்லையா? எக்ஸ்ரே. வேடிக்கை என்னவென்றால், ரைல் இந்தக் குழாயைக் கொண்டுவந்ததே இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சோதிக்கத்தான்!

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: மூக்கருகே குழாயில் அடையாளம் போட்டு வையுங்கள். அது நகர்ந்திருந்தாலோ, இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ எதையும் ஊற்றாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைக்கும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். படுக்கவைத்து ஊற்றாதீர்கள்.

டைரக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கோமா காட்சியில் பத்தே பத்து செகண்ட், ஒரு நர்ஸ் கஞ்சி கொடுப்பதற்கு முன்னால் உறிஞ்சிப் பார்ப்பதைக் காட்டுங்கள். விரல் அசைவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.