இரு சபாபதிகள்

சிரிப்புக்கு ஆயுள் குறைவு என்பர். 1941 டிசம்பரில் வெளிவந்த 'சபாபதி' திரைப்படம் அக்கூற்றைப் பொய்யாக்கியிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நாடகமே அதன் மூலம். 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, கற்றோரை மேடையேற்றி நாடகத்திற்கு மதிப்புத் தேடித் தந்தவர் அவர். நாடகத்தை ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் திரைக்குக் கொணர்ந்தனர்.

செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதி. அவன் பணியாளும் சபாபதியே. முன்னவராக டி.ஆர். இராமச்சந்திரனும், பின்னவராகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். சோடா உடைத்துக் கொண்டுவரச் சொன்னால், பணியாள் புட்டியையே உடைத்துவிடுகிறான். கோலி சோடாவைத் திறப்பதை 'உடைப்பது' என்று வழங்கும் தமிழ் மரபே அங்கு நகைப்பின் ஊற்று. மேடையில் செவிக்கு உரியதாய் இருந்த இச்சொல் விளையாட்டைத் திரைப்படம் காமிராவின் ஜாலங்களால் கெடுக்கவில்லை. நடிகரின் வெகுளி முகத்திடமே விட்டுவிட்டது. மேடையின் சாயல் இங்கே குறையன்று, பலமே.

எனினும், நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அறிவில் இருவரும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் நிற்கின்றனர். அதனாலன்றோ ஆசிரியர் இருவருக்கும் ஒரே பெயரைச் சூட்டினார்! ஒருவனை முதலாளியாக்கியது பிறப்பேயன்றி அறிவன்று என்பதை, ஒரு வசைச்சொல்லும் இன்றி இந்நாடகம் உணர்த்திவிடுகிறது.

இங்கேதான் படத்தின் எல்லையும் தெரிகிறது. கல்வியில் பின்தங்கிய இளைய முதலாளிக்கு ஆர். பத்மா ஏற்ற மனைவி பாத்திரம் பொறுமையோடு பாடம் சொல்லித் தருகிறது, அவன் தேறுகிறான். பணியாள் சபாபதிக்கோ கதையில் அத்தகைய ஆசான் இல்லை. அவன் கடைசிவரை நம்மைச் சிரிக்க வைக்கும் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறான்.

மீஞ்சூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை விரிந்துள்ள ஆலைகளில், வடமாநிலத் தொழிலாளர் பலர் தாம் அறியாத மொழியில் ஏவல் கேட்டு வேலை செய்கின்றனர். சொல் புரியாமல் அவர்கள் தடுமாறும்போது நம்மிடையே எழும் சிரிப்பு, சோடாப் புட்டி உடைந்தபோது எழுந்த அதே சிரிப்புத்தான். ஏவுகின்றவனும் ஒரு சபாபதியே என்று எண்பது ஆண்டுகளுக்கு முன் காட்டிய இப்படத்தை, இன்று மீண்டும் பார்ப்பது நலம். சிரிப்போம், சிரித்தபின், சொல்லித் தரவும் முன்வருவோம்.