சமாரியா: தந்தமும் பானையோடும்

விவிலியத் தொல்லியலை நாம் இரண்டே விதமாகத்தான் வாசித்துப் பழகியிருக்கிறோம். ‘பாத்தியா, வேதத்துல சொன்னது மண்ணுக்குள்ள கெடைச்சிருச்சு’ என்பது ஒன்று. ‘எல்லாம் கட்டுக்கதை’ என்பது இன்னொன்று. இரண்டுமே பிரதியை நடுவில் வைத்துவிட்டு மண்ணைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகின்றன. மண்ணுக்கென்று ஒரு பேச்சு இருக்க முடியும் என்பது இரு தரப்புக்கும் உறைப்பதில்லை.

வட இஸ்ரேலின் தலைநகரான சமாரியாவை எடுத்துக்கொள்வோம். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் உம்ரி எழுப்பிய நகரம், கி.மு. 720 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. அதன் கதையை எழுதி முடித்தவர்கள் தெற்கே, போட்டி அரசான யூதாவைச் சேர்ந்தவர்கள். ஆகாபும் எசபேலும் வில்லன்களாக நம்மிடம் வந்துசேர்ந்தது அப்படித்தான். 1930களில் கிராஃபூட் குழு தந்தச் செதுக்குகளைத் தோண்டியெடுத்ததும் ‘ஆகாபின் தந்த வீடு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவை கிடந்த மண்ணடுக்கு கலைந்துபோனது என்ற சங்கதி அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது, 1910இல் ரெய்ஸ்னரின் ஹார்வர்ட் குழு கண்டெடுத்த நூற்றுச் சொச்சம் பானையோடுகள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் மையால் எழுதிய சரக்குக் குறிப்புகள்: எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பெயர், ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி எண்ணெய். அரசன் பெயர்கூட இல்லை. ஆனால் பாகாலின் பெயரைத் தாங்கியவனும் யாவேயின் பெயரைத் தாங்கியவனும் ஒரே கணக்கில் வருகிறார்கள். பிரதி கிழித்த கோடு கணக்கப்பிள்ளையின் கண்ணில் படவே இல்லை. அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை, எங்களுக்கு நிலம் கொடு என்று மோசேயிடம் வழக்காடிய செலொப்பியாத்தின் மகள்களில் இருவர் நோவாள், ஒக்லாள். இந்த ஓடுகளில் அவை சரக்கு அனுப்பிய பகுதிகளின் பெயர்கள். நிலம் கேட்ட பெண்களின் பெயர் நிலத்தின் பெயராகவே நிற்கிறது.

இது வரியா, நிலவுடைமைக்காரர்களுக்குப் போன மகசூலா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். எப்படியானாலும் சரக்கு மலையேறியிருக்கிறது. தந்தக் கட்டிலில் சாய்ந்து மதுவும் உயர்ந்த தைலமும் அனுபவித்தவர்களை ஆமோஸ் சாடியதும் அதே நூற்றாண்டில்தான். அந்தச் சாடலுக்கான ரசீதுகள் என்றே இந்த ஓடுகளை நான் வாசிக்கிறேன். பிழிந்தவன் மட்டும் இரண்டிலும் பேசவில்லை.

இன்று அந்த மலையடியில் இருப்பது செபாஸ்தியா என்ற பாலஸ்தீன ஊர். 2025 நவம்பரில் இஸ்ரேல் நிர்வாகம், தொல்லியல் இடத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி, ஒலிவத் தோப்புகள் உட்பட சுமார் 1,800 துனம், ஏறக்குறைய 445 ஏக்கர், நிலத்தைக் கையகப்படுத்தும் திட்டத்தை அறிவித்தது. தோண்டினதுல என்ன நிரூபணமாச்சு என்று கேட்பவர்கள், தோண்டின பிறகு நிலம் யார் பேருக்குப் போவுது என்றும் கேட்க வேண்டும். எண்ணெய்க்குக் கணக்கு எழுதிவைத்த ஓடுகளில் மரம் வளர்த்தவனுக்குக் கணக்கு இல்லை. அவன் வாரிசுகளின் காலத்திலும் அதை இல்லாமல் ஆக்குவதற்கு நம் வாசிப்பு துணைபோகக் கூடாது.